பொத்தானோடு எட்டு நிமிடம் போராடும் குழந்தை, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர்: இதுதான் மாண்டிசோரியா?

ஜூன் 2, மாலை (கேள்வி)

மகளுக்கு 2 வயது 2 மாதம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். முன்பு இருந்த ஆயா நின்றுவிட்டதால், மாண்டிசோரி முறையில், அதாவது குழந்தை தன் வேலையைத் தானே செய்து பழக விடும் முறையில், குழந்தை பார்ப்பவர் என்று ஒருவரை அமர்த்தினோம். மூன்று வாரம் ஆகிறது. கதவிடுக்கு வழியாக நான் பார்க்கும்போதெல்லாம் மகள் எதனோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள், இவர் இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று ஒரு பொத்தானுக்கு எட்டு நிமிடம். தண்ணீரைக் கொட்டினால் துணியை அவளிடமே எடுத்துக் கொடுக்கிறார். பழைய ஆயா ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார். பாட்டு, ஆட்டம், ஊட்டி விடுவது என்று ஓடிக்கொண்டே இருப்பார், வீடும் பளிச்சென்று இருக்கும். இதற்கா கூடுதல் சம்பளம் கொடுக்கிறோம்? இது முறையா, சோம்பலா?

ஜூன் 2, இரவு (பதில்)

17 ஆண்டுகளாக வீடுகளில் குழந்தை பார்க்கிறேன். உங்களுக்கு ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். அடுத்த முறை கதவிடுக்கில் மகளைப் பார்க்காதீர்கள், அவரைப் பாருங்கள். அவர் கண் குழந்தையின் கைமேல் இருந்தால் அவர் வேலை செய்கிறார். கைபேசியில் இருந்தால் உங்கள் சந்தேகம் சரி. மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை

நானும் முதல் ஐந்து ஆண்டுகள் உங்கள் பழைய ஆயா மாதிரிதான் இருந்தேன். வேகம்தான் என் பெருமை. மூன்று நிமிடத்தில் உடை மாற்றி, தலை வாரி, காலணி போட்டு வாசலில் நிறுத்திவிடுவேன். எல்லா வீட்டிலும் நல்ல பெயர். இரண்டு வயதாக இன்னும் நான்கு மாதம் இருந்த ஒரு பையன், என் கையிலிருந்த தண்ணீர்க் குவளையை இழுத்து, தானே ஊற்ற வேண்டும் என்று அழுவான். தினமும் அழுவான். தினமும் நானே ஊற்றினேன். ஒரு நாள் அவன் அழவில்லை. குவளையை நீட்டினேன், வாயைத் திறந்து காட்டினான். அவ்வளவுதான். "பரவாயில்லை, அடங்கிவிட்டான்" என்று அவன் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

பிறகுதான் பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கான மாண்டிசோரிப் பயிற்சிக்குப் போனேன். பாடம் கடினமாக இல்லை. கடினமாக இருந்தது கவனிப்பு. ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, ஒரு குழந்தையிடமிருந்து தள்ளி உட்காரச் சொன்னார்கள். பேசக் கூடாது, சிரித்துக் கூப்பிடக் கூடாது, உதவக் கூடாது. கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும். என் முதல் பக்கத்தில் "அழுதாள், பிடிவாதம் பிடித்தாள்" என்று எழுதியிருந்தேன். பயிற்சியாளர் "பிடிவாதம் பிடித்தாள்" என்பதை அடித்துவிட்டு, "இதை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டார். யோசித்தால், அவள் மூடியை இடப்பக்கமாக நான்கு முறை திருப்பினாள், அது திறக்கவில்லை, அழுதாள். நான் பார்த்தது அதுதான். பிடிவாதம் என்பது நானாகச் சேர்த்தது.

அந்த நோட்டு வந்த பிறகு என் கை மெதுவானது. ஒரு குழந்தை எங்கே தடுக்கி நிற்கிறது என்று தெரிந்தால்தான் அந்த இடத்தில் மட்டும் தொட முடியும். தெரியாதவர் முழுவதையும் செய்துவிடுவார். உங்கள் வீட்டுக்கு வருபவர் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். அந்த எட்டு நிமிடத்தில் அவர் தன் கையை எத்தனை முறை பிடித்து நிறுத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இந்த முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரியே எழுதி வைத்திருக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மூன்று வயது போல ஒரு பெண் குழந்தை, மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றிலும் மற்ற குழந்தைகளைப் பாடவும் ஆடவும் வைத்துப் பார்த்தார்கள். அவள் நிமிரவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். கட்டையை மடியில் அணைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானாக நிறுத்தினாள். களைப்பு இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல முகத்தில் தெளிவு. உங்கள் மகள் பொத்தானோடு இருந்த எட்டு நிமிடத்தைப் போராட்டம் என்கிறீர்கள். அவள் முகத்தைப் பார்த்தீர்களா? பல்லைக் கடித்து அழுதுகொண்டு இருந்தாளா, நாக்கைத் துருத்திக்கொண்டு மூழ்கியிருந்தாளா? முதலாவது போராட்டம். இரண்டாவதைக் கலைக்கக் கூடாது, "சபாஷ்" என்று சொல்லிக்கூட.

ஜூன் 3, மதியம்

காலையில் எழுதியதைப் படித்தால், எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது போல இருக்கிறது. அது தவறு, திருத்துகிறேன். ஆபத்து என்றால் உடனே எழ வேண்டும். இன்னொரு குழந்தையை அடிக்கவோ கடிக்கவோ போனால் எழ வேண்டும். தூக்கம் வந்துவிட்ட குழந்தையிடமும் காய்ச்சல்காரக் குழந்தையிடமும் "நீயே போடு" என்று நிற்பது கொடுமை, அந்த நேரத்தில் தூக்கிக்கொள்ள வேண்டும். முயன்று பார்த்துவிட்டு "போட்டு விடு" என்று வந்து நிற்கும் குழந்தைக்கும் உதவ வேண்டும். எவ்வளவு உதவுவது என்பதில்தான் திறமை. ஜிப் என்றால் கீழ்முனையைக் கோத்து வைப்பது என் வேலை, மேலே இழுப்பது அவள் வேலை. பொத்தான் என்றால் துளைக்குள் பாதி தள்ளிவிட்டு விரலை எடுத்துவிடுவேன், மறுபக்கம் தலை நீட்டுவதை இழுக்கும் சந்தோஷம் அவளுக்கு.

துணியும் ஒத்துழைக்க வேண்டும். இரண்டு வயதுக்குச் சின்னப் பொத்தான் ஏழு வைத்த சட்டை வாங்கிவிட்டு யாரையும் குறை சொல்ல முடியாது. பெரிய பொத்தான், அகலத் துளை, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, ஒட்டுப்பட்டை வைத்த காலணி, உட்கார்ந்து போட ஓர் அடி உயர முக்காலி. இவ்வளவு செய்தால் பாதி அழுகை நின்றுவிடும். கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மேல் பொத்தான் அவள் கண்ணுக்கே தெரியாது.

ஜூன் 5

மேலே ஒருவர் கண்ணாடிக் குவளை பற்றிக் கேட்டிருக்கிறார். கொடுக்கலாம், நான் கொடுக்கிறேன். சின்னது, அடி கனமானது, குழந்தையின் கைக்குள் அடங்குவது. பிளாஸ்டிக் கீழே விழுந்தால் ஒன்றும் ஆகாது, ஆகவே அது எதையும் சொல்லித் தராது. கண்ணாடி உடைந்தால் அந்தச் சத்தமே போதும், திட்டு தேவையில்லை. ஆனால் உடைந்த துண்டைக் குழந்தை தொடக் கூடாது. குழந்தையைத் தூக்கித் தள்ளி உட்கார வைத்துவிட்டு நான்தான் பொறுக்குவேன், பிறகு ஈரத்துணியால் தரையை இரண்டு முறை துடைப்பேன். பக்கத்தில் நான் இல்லாத நேரத்தில் கண்ணாடி மேசையில் இருக்காது.

தண்ணீர் ஊற்றப் பழக்குகிறவர்கள் குவளையை நிரப்பி வைத்துவிட்டு, கொட்டிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறார்கள். இரண்டு விரல் உயரம் தண்ணீர் போதும். கொட்டினாலும் அவ்வளவுதானே கொட்டும். துடைக்கிற துணியும் அவள் எட்டுகிற உயரத்தில், தினமும் அதே கொக்கியில் தொங்க வேண்டும். கேள்வி கேட்டவர் கவனத்துக்கு: அவர் துணியை உங்கள் மகளிடமே கொடுப்பது தண்டனை இல்லை. ஊற்றுவதைவிடத் துடைப்பது பிடித்துப்போய், வேண்டுமென்றே கொட்டித் துடைத்த ஒரு குட்டியை எனக்குத் தெரியும். மூன்று நாள் அவளுக்கு அதுதான் உலகம். நான்காம் நாள் விட்டுவிட்டாள்.

வாளித் தண்ணீர் மட்டும் வேறு கதை. சில அங்குலத் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிவிடும், சத்தமே கேட்காது. நிரம்பிய வாளியையும் தொட்டியையும் விட்டுவிட்டு அழைப்பு மணிக்குக்கூட எழுந்து போகக் கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறங்கள். தாழ்ந்த அலமாரி வைக்கிறவர்கள் அதைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்குங்கள், ஏறும் வயது அது. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்கும் எந்தப் பொருளும் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் அது தொண்டைக்கும் போகும்.

ஜூன் 6

"மாண்டிசோரிப் பொருள்கள் எதையெல்லாம் வாங்க வேண்டும்?" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வேண்டாம். எல்லோரும் முதலில் வாங்குவது இளஞ்சிவப்புக் கோபுரம். 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை 10 கனசதுரங்கள், அழகான பொருள். ஆனால் அது மூன்று வயதை ஒட்டிய குழந்தைக்கு, அதை எப்படிக் காட்டுவது என்று தெரிந்தவர் கையில். ஒன்றரை வயதில் வாங்கிக் கொடுத்தால் அது வீசுகிற கட்டை, அந்தச் சின்னக் கட்டை விழுங்கவும் வசதியானது. இரண்டு வயதுக்கு வீடேதான் பொருள். துணி மடிப்பது, கரண்டிகளை இனம் பிரித்து வைப்பது, செடிக்குத் தண்ணீர், மேசை துடைப்பது. அலமாரியில் ஐந்தாறு தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. தொடாமலே கிடப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1967-இல் இது வழக்காகப் போய், தனி ஒருவர் உரிமை கொண்டாட முடியாத பொதுச்சொல் என்று முடிவானது. ஆகவே யார் வேண்டுமானாலும் தன்னை மாண்டிசோரி ஆயா என்று சொல்லிக்கொள்ளலாம், எந்த மரப் பொம்மையிலும் அந்தச் சொல்லை அச்சடிக்கலாம். ஆள் எடுக்கும்போது சான்றிதழ் கேளுங்கள், அது எந்த வயதுக்கானது என்றும் கேளுங்கள், மூன்று முதல் ஆறு வயதுக்குப் படித்தவருக்குப் பத்து மாதக் குழந்தை புதிது. அதைவிட முக்கியமாக, ஒரு மணி நேரம் குழந்தையோடு உட்கார வைத்துவிட்டு, பிறகு "என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "நல்ல குழந்தை, சுட்டி" என்று சொன்னால் அவர் பார்க்கவில்லை. "இடது கையால் எடுத்து வலது கைக்கு மாற்றுகிறாள், கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறாள், மூடிகள் பிடிக்கின்றன" என்று சொல்பவரை விடாதீர்கள், சான்றிதழ் இல்லாவிட்டாலும்.

ஆராய்ச்சி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 2006-இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பள்ளியில் சேரக் குலுக்கல் நடத்தி, இடம் கிடைத்த குழந்தைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். மாண்டிசோரியில் படித்த ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்து, எண், பழகும் விதம் போன்றவற்றில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் அது பள்ளி. கலந்த வயதுக் குழந்தைகள், முழுப் பொருள்கள், பயிற்சி பெற்ற ஆசிரியர். வீட்டில் ஒரே குழந்தையோடு இருக்கும் என் வேலைக்கு அந்த ஆய்வை ஆதாரமாகக் காட்டுவது நேர்மையாகாது. நான் காட்டக்கூடியது என் நோட்டுகளை மட்டுமே.

ஜூன் 6, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. பொருள்களைப் பூட்டி வைக்காதீர்கள். மாண்டிசோரி தன் முறையைத் தொடங்கிய இடத்துக்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர். அந்த முதல் இல்லத்தில் அலமாரியைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். ஒரு நாள் பூட்ட மறந்துபோக, ஆசிரியை வருவதற்குள் குழந்தைகளே எடுத்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியை அதைத் திருட்டு என்று நினைத்தார். மாண்டிசோரி, தங்களுக்கு எது வேண்டும் என்று இவர்களுக்குத் தெரிகிறது என்று நினைத்தார். தாழ்ந்த திறந்த அலமாரிகள் வந்தது அப்படித்தான்.

ஜூன் 9

கேள்வி கேட்டவர் இப்போது வேறொன்று எழுதியிருக்கிறார். புதியவர் வந்ததிலிருந்து மகள் காரணமே இல்லாமல் அழுகிறாளாம். நேற்று பாயை ஜன்னலோரம் மாற்றிப் போட்டதற்கு அரை மணி நேரம் அழுகை.

காரணம் இருக்கிறது. இந்த வயதுக்கு ஒழுங்கு என்றால் உயிர். பெரியவர்களின் சுத்தம் போன்றது அல்ல இது. கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறவருக்குச் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா, அந்த மாதிரி. ஆறு மாதக் குழந்தை ஒன்றைப் பற்றி மாண்டிசோரி எழுதியிருக்கிறார். வீட்டுக்கு வந்த பெண்மணி குடையை மேசைமேல் வைத்தார், குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்து அழத் தொடங்கியது. குடை வேண்டும் போலிருக்கிறது என்று நீட்டினார்கள், தள்ளிவிட்டது. தாய்தான் புரிந்துகொண்டு குடையை அடுத்த அறைக்கு எடுத்துப் போனாள், அழுகை நின்றது. மேசைமேல் குடை இருப்பது அந்தக் குழந்தையின் உலகத்தில் இல்லாத ஒன்று.

பாயை மறுபடி பழைய இடத்தில் போடுங்கள். ஆனால் பாய் மட்டுமா இடம் மாறியிருக்கிறது? தினமும் பாட்டுப் பாடிய ஒருவர் ஒரு நாள் வராமல் போய்விட்டார். உங்களுக்கு அது ஆள் மாற்றம். அவளுக்கு அது வீட்டில் ஒரு சுவர் காணாமல் போனது போல. பழையவரைப் பற்றிப் பேசாமல் இருந்தால் மறந்துவிடுவாள் என்று நினைக்காதீர்கள். அவர் பாடிய பாட்டுகளைப் புதியவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் இருவரையும் ஒரே நேரத்தில் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வீட்டிலிருந்து விலகும்போது கடைசி இரண்டு வாரம் புதியவரோடு சேர்ந்தே இருப்பேன். முதல் வாரம் நான் செய்வேன், அவர் பார்ப்பார். இரண்டாம் வாரம் அவர் செய்வார். கடைசி நாள் குழந்தை தூங்கும்போது நழுவ மாட்டேன். போகிறேன் என்று சொல்லிவிட்டு, அது அழுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். என்னால் தாங்க முடியாதுதான். ஆனால் தூங்கி எழுந்து தேடுவதைவிட அந்த அழுகை நல்லது.

ஜூன் 10

ஊட்டி விடுவது பற்றி ஒரே விவாதமாக இருக்கிறதே. பழைய சங்கப் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. பொற்கிண்ணத்தில் பாலோடு நரைத்த செவிலித்தாய்மார் குழந்தையின் பின்னால் ஓடுகிறார்கள், அவள் சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்கு ஓடுகிறாள், கிழவிகள் களைத்துப்போகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டாக நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம்! நான் ஓடுவதை நிறுத்திவிட்டேன். தாழ்ந்த மேசை, தாழ்ந்த நாற்காலி, தட்டில் கொஞ்சமாக. எழுந்து போனால் சாப்பாடு முடிந்தது என்று எடுத்து வைப்பேன், கோபமில்லாமல். பெற்றோர் ஒத்துக்கொள்ளாத வீட்டில் இதைச் செய்யக் கூடாது. எடை குறைவான குழந்தைக்கும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

ஜூன் 14

சில நாளாக எழுதத் தயங்கிக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். கேள்வி கேட்டவரைக் காயப்படுத்த அல்ல.

பயிற்சி முடிந்து நான் சேர்ந்த முதல் வீட்டில் அம்மா ஆசையாகத்தான் மாண்டிசோரி கேட்டார். முக்காலி, தாழ்ந்த கொக்கி, சின்னத் துடைப்பம் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். ஆனால் மாலையில் வந்ததும் முதல் பார்வை தரைமேல் விழும், இரண்டாம் பார்வை குழந்தையின் சட்டைமேல். சட்டை நனைந்திருந்தால் "என்னக்கா, கவனிக்கலையா?" என்பார். கடுமையாக இல்லை, சாதாரணமாகத்தான். அந்த ஒரு வரிக்காக நான் நான்கு மணிக்கே வேகமாக மாறத் தொடங்கினேன். குழந்தை கையிலிருந்து துணியை வாங்கித் துடைத்தேன், சட்டையை நானே மாற்றினேன். இரண்டு மாதத்தில் மதியமும் அப்படி ஆகிவிட்டது. முக்காலியும் கொக்கியும் அப்படியே இருந்தன. முறை மட்டும் வீட்டை விட்டுப் போய்விட்டது.

எனக்குத் தெரிந்து வீட்டில் மாண்டிசோரி தோற்பது பொருளால் அல்ல, பயிற்சிக் குறைவாலும் அல்ல. காத்திருப்பவரைக் காத்திருக்க விடாததால்தான். எட்டு நிமிடம் சும்மா இருந்ததற்காகச் சந்தேகப்படப் போகிறார்கள் என்று தெரிந்தால், யாரும் மூன்றாவது நிமிடத்திலேயே பொத்தானைப் போட்டுவிடுவார்கள். நானும் போட்டேன். கதவிடுக்கில் நீங்கள் நிற்பது அவருக்கு நிச்சயம் தெரியும், எங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அப்படியும் அவர் எட்டு நிமிடம் உட்கார்ந்திருக்கிறார் என்றால், எனக்கு அப்போது இல்லாத துணிவு அவரிடம் இருக்கிறது.

ஒளிந்து பார்க்க வேண்டாம், உள்ளே வந்து உட்காருங்கள். முதல் குழந்தைகள் இல்லம் 1907 ஜனவரி 6 அன்று ரோமில் சான் லொரென்சோ பகுதியில் திறந்தபோது, அது தனிப் பள்ளிக்கட்டடத்தில் இல்லை. தொழிலாளர் குடியிருப்புக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் குழந்தைகள் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்பதற்காக, அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய இடம் அது. பார்த்துக்கொள்பவரும் அதே கட்டடத்தில் குடியிருந்தார், தாய்மார்கள் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். உலகம் முழுக்கப் பள்ளியாகப் பரவிய இந்த முறை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்வதில்தான் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் ஆறுதலாக இருக்கும்.

வாரம் ஒரு முறை அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். தரையைப் பற்றிப் பேசாதீர்கள். "இந்த வாரம் என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் இருக்கும் இரண்டு நாளில் என்ன நடக்கிறது என்றும் அவரிடம் சொல்லுங்கள். அவர் ஐந்து நாள் காத்திருந்து, நீங்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூன்று நிமிடத்தில் உடுத்தி விட்டால், திங்கட்கிழமை அழுகை அவர் தலையில் விழும். வீடு துடைக்கவும் பாத்திரம் கழுவவும் அவரையே நம்பியிருந்தால், அந்த வேலையைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டால் கண்ணுக்குத் தெரிகிற வேலைதான் ஜெயிக்கும்.

ஜூன் 15

இரவு தூக்கம் வரவில்லை, முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "கண் கைபேசியில் இருந்தால் உங்கள் சந்தேகம் சரி" என்று எழுதியது அவசரம். ஒன்பது, பத்து மணி நேரம் வேலை செய்கிறவர் ஒரு தடவை கைபேசியைப் பார்க்காமல் இருக்க முடியாது. அவர் வீட்டிலும் யாரோ அவரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஊரார் பிள்ளைகளின் பொத்தானுக்குக் காத்திருந்த ஆண்டுகளில் என் மகளுக்கு யாரோ மூன்று நிமிடத்தில் உடுத்தி விட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் நானே அதைத்தான் செய்தேன், பேருந்தைப் பிடிக்க வேண்டுமே. அவள் இப்போது வளர்ந்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அந்தக் கணக்கு என் மனதில் இன்னும் தீரவில்லை.

அவருக்கு ஓய்வு நேரம் என்று ஒன்றைக் குறித்துக் கொடுங்கள், குழந்தை தூங்கும்போதோ நீங்கள் வெளியே வரும்போதோ. அப்போது கைபேசி அவருடையது. மீதி நேரம் கண் குழந்தையுடையது. இதுதான் நியாயமான சோதனை.

இன்னொரு திருத்தமும் உண்டு. நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் பாட்டு, கொஞ்சல் எல்லாம் மாண்டிசோரியில் கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். அய்யோ, அப்படியில்லை. மூன்று வயதுக்குள் மொழி போய்ச் சேருவது மனிதரின் வாயிலிருந்துதான். பாட வேண்டும், பேச வேண்டும், மடியில் வைத்துக் கதை சொல்ல வேண்டும், குளிப்பாட்டும்போது "இப்போது இடது கை, தண்ணீர் கொஞ்சம் சூடாக இருக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். குழந்தை ஒரு வேலையில் மூழ்கியிருக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் அந்த மூழ்கல் இரண்டு வயதுக்கு மொத்தமாக அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்து, போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். பிறந்த குழந்தைகளைப் பற்றி அவர் மிகுதியாகச் சிந்தித்தது அந்த ஆண்டுகளில். அவர் திரும்பிப் போனபின் 1947-இல் அவருடைய மாணவி அடேலே கோஸ்தா ஞோக்கி ரோமில் பிறப்பு முதல் மூன்று வயதுக்கான பயிற்சியைத் தொடங்கினார். நான் படித்த படிப்பின் வேர் அதுதான். அதில் முதல் பாடமே குழந்தையை எப்படித் தூக்குவது என்பது: அவசரமில்லாமல், முன்னாலிருந்து, சொல்லிவிட்டு.

உங்கள் பழைய ஆயாவின் பாட்டுகளை நான் குறைவாக மதிப்பிட்டதாகத் தோன்றினால் மன்னியுங்கள். மகள் இவ்வளவு பேசுகிறாள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜூன் 21

கேள்வி கேட்டவரின் பதிலைப் படித்தேன், இரண்டு முறை. வியாழக்கிழமை உள்ளே போய் உட்கார்ந்தீர்கள், மகள் கீழ்ப் பொத்தானை ஒன்பது நிமிடத்தில் போட்டாள், அடுத்ததை நான்கு நிமிடத்தில் போட்டாள், மூன்றாவதைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதைப் போட வைக்காமல் விட்டதற்கு நன்றி. சட்டை பாதி திறந்தே சுற்றியதாம், சுற்றட்டும்.

"கெட்டிக்காரி என்று பாராட்டலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆசையாக இருந்தால் ஒரு தடவை சொல்லுங்கள், குற்றமில்லை. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அவளுக்கு இன்னும் நன்றாகப் புரியும். "கீழ்ப் பொத்தானை நீயே போட்டாய்." அவ்வளவு போதும். அவள் குனிந்து அந்தப் பொத்தானைப் பார்ப்பாள் பாருங்கள்.

அவரிடமும் அதையே சொல்லுங்கள். "ஒன்பது நிமிடம் காத்திருந்தீர்கள், நான் பார்த்தேன்" என்று.